கிணற்றுப் பங்கும் சமரச மேசையும்

நேயர்களுக்கு வணக்கம். நிலம், வாடகை, கொடுக்கல் வாங்கல் என்று உரிமையியல் வழக்குத் தொடுத்தவர்களுக்கும், அவர்களுக்குத் துணையாக வாய்தாவுக்கு நடந்த உறவினர்களுக்கும், தீர்ப்பு வந்த பிறகும் மேல்முறையீடு, தீர்ப்பை நடைமுறைப்படுத்தக் கோரும் நிறைவேற்று மனு என்று அலைச்சல் தொடர்வது நன்றாகத் தெரியும். அதற்கு மாற்றாகச் சமரசம் என்ற ஒரு கதவு நீதிமன்ற வளாகத்திலேயே திறந்திருக்கிறது என்பதைத்தான், தீர்ப்புச் சொல்லாமல், இரு தரப்பும் தாங்களே பேசி உடன்பாட்டுக்கு வர உதவும் சமரசராகப் பணியாற்றும் நான் போகுமிடமெல்லாம் சொல்லி வருகிறேன். வழக்கைச் சமரசம் போன்ற மாற்று வழிகளுக்கு நீதிமன்றம் அனுப்ப இடமளிக்கும், உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 89-ஆவது பிரிவு 2002-இல் நடைமுறைக்கு வந்தது. 2005 ஏப்ரல் 9 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தில் தொடங்கப்பட்ட சமரச மையம், நீதிமன்றத்தோடு இணைந்த மையங்களில் இந்தியாவிலேயே முதலாவது.

சம்பந்தப்பட்ட இருவரின் சம்மதத்தோடு, அவர்கள் யாரென்று தெரியாதபடி ஒரு வழக்கைச் சொல்கிறேன். அண்ணனுக்கும் தம்பிக்கும் பொதுக் கிணறு. மின் இணைப்பு அண்ணன் பெயரில். மோட்டார் அறையை அண்ணன் பூட்டிவிட்டார் என்று தம்பி தடையாணை கேட்டிருந்தார். இருவரையும் சேர்த்து உட்கார வைத்தபோது பாகப்பிரிவினைப் பத்திரத்தைத் தவிர வேறு பேச்சே எழவில்லை. பிறகு ஒவ்வொருவரிடமும் தனியே பேசினேன். தனி அமர்வில் கேட்டதை, சொன்னவரின் அனுமதியின்றி எதிர்த்தரப்பிடம் சமரசர் சொல்லக் கூடாது. சமரசம் ஏற்பட்டதா இல்லையா என்பதற்கு மேல் நீதிபதிக்கும் எதுவும் எழுதக் கூடாது. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம், இந்த உறுதி இருப்பதால்தான் மனிதர்கள் மனம் திறக்கிறார்கள். "அண்ணன் இருக்கிற வரைக்கும் எனக்குப் பயமில்லைங்க, அவர் பிள்ளைகள் காலத்தில் என் பிள்ளைகளுக்குத் தண்ணீர் விடுவார்களா?" என்றார் தம்பி. அண்ணனோ, மோட்டார் காயில் எரிந்தபோதெல்லாம் தாம் மட்டுமே செலவழித்ததை மறக்க முடியாமல் இருந்தார். இவ்விரண்டில் எதுவும் வழக்குரையிலும் இல்லை, எதிருரையிலும் இல்லை. இல்லாததைப் பற்றி எந்த நீதிபதியும் தீர்ப்பு எழுத முடியாது. இருவரின் அனுமதியோடும் அவற்றை மேசைக்குக் கொண்டுவந்த பின், முறைநாள், ஆளுக்கொரு சாவி, பழுதுச் செலவில் சரிபாதி, வாரிசுகளையும் கட்டுப்படுத்தும் வாசகம் என்று ஒப்பந்தம் உருவாயிற்று. அதில் ஒவ்வொரு வரியும் அவர்களே சொன்னது.

நேரம் நெருங்கிவிட்டதால் மற்றவற்றைச் சுருக்கமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. சமரசம் ஏற்படாவிட்டால் வழக்கு விட்ட இடத்திலிருந்தே தொடரும். ஏற்பட்டால், செலுத்திய நீதிமன்றக் கட்டணம் முழுவதையும் திரும்பப் பெறலாம். தரப்பினர் தாங்களாகவே வெளியில் பேசி முடித்துக்கொண்டாலும் இது பொருந்தும் என்று 2021-இல் உச்ச நீதிமன்றம், தமிழ்நாட்டிலிருந்து சென்ற வழக்கிலேயே உறுதி செய்தது. இதேபோல் பேசித் தீர்க்க வழிசெய்யும் மக்கள் நீதிமன்றத்தில் (லோக் அதாலத்) முடித்துக்கொண்ட வழக்குக்கு மேல்முறையீடு கிடையாது. வழக்குத் தொடுக்கும் முன்பே சமரசம் நாடவும் வழி உண்டு. வழக்கு நிலுவையில் உள்ளவர்கள் தங்கள் வழக்கறிஞரிடம் சொல்லி, சமரச மையத்துக்கு அனுப்பும்படி நீதிமன்றத்தைக் கேட்கலாம். மற்றவர்கள், சட்ட உதவி வழங்கும் வட்டச் சட்டப் பணிகள் குழுவில் மனுக் கொடுக்கலாம். வணக்கம்.