டிரான்சிஸ்டர் சாகவில்லை, கெயின் மட்டும் குறைந்தது ஏன்?

சிங்கப்பூர் யீஷூனிலிருந்து ஒரு தம்பி அனுப்பிய கேள்வி என்னை விடவே இல்லை. சிம் லிம் டவரில் வாங்கிய பிசி547 டிரான்சிஸ்டர் ஒன்றை எடுத்து, அதன் மூன்று கால்களில் பேஸ், எமிட்டர் இரண்டுக்கும் நடுவே தலைகீழாக மின்னழுத்தம் கொடுத்து, எங்கே பிரேக்டவுன் ஆகிறது, அதாவது எதிர்த்திசையில் மின்னோட்டம் திடீரென்று பாயத் தொடங்குகிறது என்று பார்த்திருக்கிறார். 8 வோல்ட் பக்கம் ஆகியிருக்கிறது. மல்டிமீட்டரில் வைத்தால் டிரான்சிஸ்டர் நன்றாகத்தான் இருக்கிறது, கெயின், அதாவது பேஸுக்குக் கொடுக்கும் சின்ன மின்னோட்டத்தை எத்தனை மடங்காக்குகிறது என்ற அளவு, மட்டும் முன்பைவிடக் குறைவு. "அண்ணே, நான் சோதித்ததால் கெட்டுவிட்டதா?" என்கிறார்.

ஆமாம் தம்பி, சோதனைதான் காரணம். எவ்வளவு நன்றாகக் கவனித்திருக்கிறீர்கள்!

நான் எப்போதும் சொல்வதுதான்: பிரேக்டவுன் கொல்வதில்லை, அப்புறம் கட்டுப்பாடில்லாமல் ஓடும் மின்னோட்டத்தின் சூடுதான் கொல்கிறது. அதனால்தான் மூன்றாவது காலான கலெக்டர் பக்கம் சோதிக்கும்போது தொடரில் ரெசிஸ்டர் போடச் சொல்கிறேன். 100 கிலோ ஓம் இருந்தால் 100 வோல்ட் கொடுத்தாலும் 1 மில்லி ஆம்பியரைத் தாண்டாது.

பேஸ் எமிட்டர் பக்கம் மட்டும் அந்த ரெசிஸ்டர் முழுதாகக் காப்பாற்றாது. அங்கே பிரேக்டவுனில் வேகமெடுக்கும் எலக்ட்ரான்கள், சிலிக்கானும் மேலே உள்ள ஆக்சைடும் சேரும் இடத்தைப் பழுதாக்கிவிடும். பிறகு பேஸுக்குக் கொடுக்கும் மின்னோட்டத்தில் ஒரு பங்கு அங்கேயே வீணாகும். மைக்ரோ ஆம்பியர் அளவில் இந்த இழப்பு நன்றாகத் தெரியும், பெரிய மின்னோட்டத்தில் கண்டுபிடிப்பதே கஷ்டம். ரிலே ஓட்ட அந்த டிரான்சிஸ்டர் போதும். மைக்கின் சின்ன சிக்னலைப் பெருக்கும் பிரீஆம்ப்பில் வைக்காதீர்கள், இரைச்சலும் கூடியிருக்கும்.

சரி, யாரும் சோதிக்காமலே இது நடக்குமா? இதைத்தான் எல்லோரும் கேட்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். தீபாவளிக்கு வாசலில் மாட்ட இரண்டு டிரான்சிஸ்டர் மாறி மாறி ஆன் ஆகி விளக்கை மின்ன வைக்கும் ஃபிளாஷர் செய்கிறோமே, அதை 12 வோல்ட்டில் ஓட்டினால் நடக்கும். ஒன்று ஆன் ஆகும்போதெல்லாம் கெப்பாசிட்டர் மற்றதன் பேஸை எதிர்த்திசையில் 10 வோல்ட் அளவுக்கு இழுக்கப் பார்க்கும். பிசி547-க்குத் தயாரிப்பாளரின் டேட்டாஷீட் அனுமதிப்பது 6 வோல்ட்தான். நடுவில் ரெசிஸ்டரும் கிடையாது. தம்பி ஒருமுறை செய்ததை அந்த சர்க்யூட் ராத்திரி முழுக்கச் செய்கிறது. கெப்பாசிட்டர் முன்னதாகவே காலியாவதால் மின்னும் வேகமும் கணக்கோடு ஒத்துவராது.

ஒவ்வொரு பேஸுக்கும் தொடரில் ஒரு 1என்4148 டையோடு போடுங்கள், கோடு போட்ட முனை பேஸைப் பார்த்து இருக்கட்டும். 5 வோல்ட் யூஎஸ்பியில் ஓட்டுகிறவர்களுக்கு அதுவும் தேவையில்லை.