கூட்டம் இல்லாத மேசை

வானொலி நேயர்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

அமெரிக்காவில் பேஸ்பால் மைதானத்தின் கதவு திறந்த உடனே ஒரு சிறுவர் படை உள்ளே பாய்ந்து ஓடும். கையில் வெள்ளைப் பந்து, பேனா, தொப்பி. ஆட்டக்காரர்கள் உட்காரும் டக்-அவுட் ஓரத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பயிற்சி முடித்து வருகிறவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். அன்றைக்குப் பேர் பெற்ற ஆட்டக்காரர் யாராவது நின்றுவிட்டால் இருபது கைகள் ஒரே நேரத்தில் நீளும். அவர் நடந்துகொண்டே நாலு பந்துகளில் ஏதோ வளைத்துக் கிறுக்கிவிட்டு உள்ளே போய்விடுவார். பையன்கள் அந்தக் கிறுக்கலைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். அது யாருடைய கையெழுத்து என்று வீட்டுக்குப் போவதற்குள்ளேயே சந்தேகம் வந்துவிடும்.

அதே மைதானத்தில், இருக்கைகளுக்குப் பின்னால் உள்ள நடைவழியில், சில நாட்களில் ஒரு மடக்கு மேசை போட்டிருப்பார்கள். அணியின் பழைய சட்டையை மாட்டிக்கொண்டு ஒரு பெரியவர் அங்கே உட்கார்ந்திருப்பார். முப்பது நாற்பது வருடங்களுக்கு முன்னால் அதே அணிக்கு ஆடியவர். அவருக்கு முன்னால் பெரிய வரிசை இருக்காது. இன்று நான் பேச வந்தது அந்த மேசையைப் பற்றித்தான்.

நான் வசிப்பது மினசோட்டா மாநிலத்தில். இங்கே எங்கள் அணி ட்வின்ஸ். கிரிக்கெட் பார்த்து வளர்ந்த எனக்கு பேஸ்பால் பழகச் சில காலம் பிடித்தது. பழகிய பிறகு, ஆட்டத்தைவிட அந்த ஆட்டத்தின் மனிதர்கள் மீது பிடிப்பு அதிகமாகிவிட்டது. ஓய்வுபெற்ற ஆட்டக்காரர்களின் கையெழுத்துகளைச் சேர்க்கத் தொடங்கியது அப்படித்தான்.

முதலில் பந்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பேஸ்பால் 142 முதல் 149 கிராம் எடை. கிரிக்கெட் பந்தைவிடச் சற்று இலேசானது. 8 என்ற எண்ணின் வடிவத்தில் வெட்டிய இரண்டு வெள்ளை மாட்டுத்தோல் துண்டுகளைச் சிவப்பு நூலால் சேர்த்துத் தைக்கிறார்கள். தையல் கையால்தான். மத்திய அமெரிக்காவில் கோஸ்டா ரிக்கா நாட்டின் துரியால்பா என்ற ஊரில், பெரிய லீக் எனப்படும் உச்சநிலைத் தொழில்முறை ஆட்டங்களுக்கான பந்துகளை இன்றும் ஆட்கள் உட்கார்ந்து தைக்கிறார்கள். ஒரு பந்துக்கு 108 இரட்டைத் தையல். 108 என்றதும் நம் வீட்டுப் பெரியவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள் என்று எனக்குத் தெரியும்.

இந்தத் தையல் கோடுகள் ஓரிடத்தில் ஒன்றையொன்று நெருங்கி வரும். அந்த இரண்டு கோடுகளுக்கும் நடுவே, ஒரு பெயரைப் படுக்கையாக எழுதும் அளவுக்கு இடம் கிடைக்கும். சேகரிப்பவர்கள் அதை ஸ்வீட் ஸ்பாட் என்பார்கள். ஒருவரே கையெழுத்துப் போடும் பந்து என்றால் அங்கேதான் போட வேண்டும். அணி முழுவதும் போடும் பந்தில் அந்த இடத்தை மேலாளருக்கு விட்டுவைப்பது பழைய மரபு. பேனாவிலும் கவனம் வேண்டும். நீல பால்பாயின்ட் பேனாதான் தோலுக்கு ஏற்றது. தடித்த மார்க்கரால் எழுதினால் அன்றைக்குப் பளிச்சென்று இருக்கும். சில வருடங்களில் மை தோலுக்குள் பரவி எழுத்து ஊதிப்போகும். ஆட்டக்காரரின் படம் அச்சிட்ட அட்டைக்கும் புகைப்படத்துக்கும் மார்க்கர் சரி. வீட்டில் பந்தை வெயில் படும் அலமாரியில் வைக்கவே கூடாது. நீல மை வெளிச்சத்தில் மங்கிவிடும்.

இனி மனிதர்கள். ஹார்மன் கில்லிப்ரூ. மினசோட்டாவில் இந்தப் பெயரைச் சொன்னால் வயதானவர்கள் முகம் மலரும். ஐடஹோ மாநிலத்தில் பிறந்தவர். 1961-இல் வாஷிங்டன் அணி மினசோட்டாவுக்கு இடம்பெயர்ந்து ட்வின்ஸ் ஆனபோது கூடவே வந்தவர். மொத்தம் 573 ஹோம் ரன்கள், அதாவது கிரிக்கெட் சிக்ஸர் போல எல்லை தாண்டிப் பறக்கும் அடிகள், அடித்தவர். அந்தக் காலத்து மெட்ரோபாலிட்டன் மைதானம் இடிக்கப்பட்டு, அந்த இடத்தில் இப்போது மால் ஆஃப் அமெரிக்கா என்ற பெரிய வணிக வளாகம் நிற்கிறது. 1967-இல் அவர் அடித்த ஒரு ஹோம் ரன் போய் விழுந்த இடத்தைக் காட்டுவதற்காக, ஒரு சிவப்பு நாற்காலியை அந்த வளாகத்தின் சுவரில் உயரத்தில் மாட்டி வைத்திருக்கிறார்கள். பொருள் வாங்கப் போகிறவர்கள் பலர் அண்ணாந்து பார்ப்பதே இல்லை. அடுத்த முறை போகும்போது பாருங்கள்.

அவருடைய கையெழுத்து ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக வாசிக்கும்படி, அச்சுக் கோத்ததுபோல் இருக்கும். ஓய்வுபெற்ற பிறகும் அணியின் முகாம்களுக்கு வந்துகொண்டிருந்தவர், இளம் ஆட்டக்காரர்கள் கையெழுத்துப் போடுவதைப் பார்த்துவிட்டுச் சும்மா போகமாட்டார். டோரி ஹன்டர் என்ற புகழ்பெற்ற வெளிக்களத்து ஆட்டக்காரர், தன் கிறுக்கலைப் பார்த்து கில்லிப்ரூ தன்னைக் கண்டித்ததைப் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். இவ்வளவு பாடுபட்டு ஆடிவிட்டு, உன் பெயரை ஒருவரும் வாசிக்க முடியாதபடி எழுதலாமா என்பதுதான் கில்லிப்ரூ கேட்டதன் சாரம். ஹன்டர் தன் கையெழுத்தை மாற்றிக்கொண்டார். பிறகு தன் அணிக்கு வந்த இளையவர்களையும் மாற்ற வைத்தார். மைக்கேல் கடையரும் அப்படி மாறியவர்களில் ஒருவர். ட்வின்ஸ் ஆட்டக்காரர்களின் கையெழுத்து தெளிவாக இருக்கும் என்று சேகரிப்பவர்கள் நடுவே ஒரு பேச்சு உண்டென்றால், அதற்குக் காரணம் அந்தப் பெரியவர். 2011 மே மாதம் அவர் காலமானார். ஓடிவந்து நிற்கும் ஒரு குழந்தைக்குத் தன் பெயரை முழுதாக எழுதிக் கொடுப்பது மரியாதை என்று நினைத்த மனிதர் அவர். அந்த எண்ணம் எனக்கு அவருடைய ஹோம் ரன்களைவிடப் பெரியதாகத் தோன்றுகிறது.

இன்னொருவர் டோனி ஒலிவா. க்யூபாவின் பினார் டெல் ரியோ மாகாணத்துப் பண்ணைக் குடும்பத்தில் பிறந்தவர். பெற்றோர் வைத்த பெயர் பெத்ரோ. 1961-இல் அமெரிக்காவுக்குப் புறப்பட அவசரமாகப் பயண ஆவணம் தேவைப்பட்டபோது, சகோதரர் அந்தோனியோவின் ஆவணத்தை எடுத்துக்கொண்டு வந்தார். அந்தோனியோ இங்கே டோனி ஆனது. வந்த சமயத்தில்தான் க்யூபாவுக்கும் அமெரிக்காவுக்கும் உறவு முறிந்து, திரும்பிப் போகும் வழி அடைபட்டது. 1964-இல், பெரிய லீகின் இரண்டு பிரிவுகளில் ஒன்றான அமெரிக்கன் லீகின் சிறந்த புதுமுகம் விருது பெற்றார். 1964, 1965, 1971 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் அந்த லீகின் சிறந்த மட்டையடிச் சராசரி அவருடையது. முழங்கால் அவரைக் கைவிட்டது; 1976-இல் ஆட்டத்தை விட்டார். பேஸ்பாலின் தலைசிறந்தவர்களைக் கௌரவிக்க கூப்பர்ஸ்டவுன் ஊரில் உள்ள ஹால் ஆஃப் ஃபேமில் அவர் பெயர் ஏற 2022 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அப்போது அவருக்கு வயது 84.

அந்த வரலாறு தெரிந்த பிறகு, அவர் கையெழுத்துள்ள பந்தைப் பார்க்கும்போது மனம் கனக்கிறது. கடல் கடந்து வந்த இந்த மனிதர் இத்தனை காலமும் எழுதித் தந்தது சகோதரரின் பெயரை. ஊரை விட்டு வந்தவர்கள் எல்லோருக்கும் இதில் ஏதோ ஒன்று புரியும். ட்வின்ஸ் இப்போது ஆடும் டார்கெட் ஃபீல்டு மைதானத்தின் ஆறாம் நுழைவாயில் அருகே அவருக்குச் சிலை இருக்கிறது. ஆறு அவர் சட்டையின் எண்.

இவர்கள் இருவரும் பெரும்புகழ் பெற்றவர்கள். நான் அதிகம் தேடிப் போவது அந்த அளவு பேர் பெறாதவர்களை. இரண்டு மூன்று சீசன் ஆடிவிட்டு, தோள்பட்டை போய், ஊருக்குத் திரும்பி இன்சூரன்ஸ் விற்றோ பள்ளியில் பயிற்சி கொடுத்தோ வாழ்ந்தவர்கள். ஒரு முறை அப்படிப்பட்ட பந்து வீச்சாளர் ஒருவரின் மேசைக்கு என் மகளோடு போனேன். அவர் பேனாவை எடுக்கவில்லை. முதலில் பந்தை எடுத்து உள்ளங்கையில் உருட்டினார். விரல்கள் தாமாகவே தையலைத் தேடிப் பிடித்தன. நடுவிரல் தையலின் மேல் நீளமாகப் படிந்தது. கட்டைவிரல் அடியில் எதிர்த் தையலை அழுத்தியது. ஆள்காட்டி விரலின் முட்டி வீங்கித் தடித்திருந்தது. "இதுதான் வளைந்து விழும் பந்து" என்று சொல்லி, என் மகளின் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்து அதே இடத்தில் வைத்தார். அவளுடைய கை பந்தைச் சுற்றி எட்டவில்லை. "பரவாயில்லை, கை வளரும்" என்றார். பிறகுதான் கையெழுத்து. எழுத்துகள் சற்று நடுங்கியிருந்தாலும் முழுப் பெயரையும் எழுதினார். அடியில் தன் பழைய எண்ணையும் சேர்த்தார். எங்களுக்குப் பின்னால் யாரும் இல்லாததால் நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தோம். தான் பந்து வீசி வெளியேற்றிய பெரிய மட்டையாளர் ஒருவரைப் பற்றிச் சொன்னார். அந்தப் பந்து எந்த வேகத்தில், எந்த உயரத்தில் போனது என்பது வரை அவருக்கு நினைவிருந்தது.

இத்தகைய ஆட்டக்காரர்களைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1980-க்கு முன்னால், பெரிய லீகில் நான்கு ஆண்டு பணிக்காலம் முடித்தால்தான் ஓய்வூதியம். 1980-இல் விதி மாறியது. 43 நாட்கள் அணியில் இருந்தால் போதும் என்றாயிற்று. ஆனால் ஏற்கெனவே ஆடி முடித்தவர்களுக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை. 1947-க்கும் 1979-க்கும் இடையில் ஆடி, நான்கு ஆண்டைத் தொடாமல் விலகியவர்கள் வெறுங்கையோடு நின்றார்கள். பல்லாண்டுப் போராட்டத்துக்குப் பிறகு 2011-இல் அவர்களுக்கு ஒரு தொகை ஒதுக்கப்பட்டது. பணிக்காலத்தைப் பொறுத்து ஆண்டுக்கு அதிகபட்சம் 10,000 டாலர். பிற்பாடு சற்றே உயர்த்தினார்கள். ஆட்டக்காரர் இறந்தால் மனைவிக்கு அது தொடராது. கோடிகள் புரளும் விளையாட்டு இது. அந்த விளையாட்டு தன் முதியவர்களை நடத்தும் முறை எனக்கு ஏற்கவே முடியாதது. மைதானத்து மேசையில் கையெழுத்து இலவசம். ஆனால் கண்காட்சிகளிலும், ஹால் ஆஃப் ஃபேம் விழா நாட்களில் கூப்பர்ஸ்டவுன் கடைத்தெருவிலும் கட்டணம் வாங்குவார்கள். காசு கேட்கிறார்களே என்று முகம் சுளிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். நான் மகிழ்ச்சியோடு கொடுக்கிறேன்.

காசு என்றதும் போலிகளையும் சொல்லியாக வேண்டும். 1990-களில் போலிக் கையெழுத்துத் தொழில் பெருகி, எஃப்.பி.ஐ. பெரிய விசாரணையில் இறங்கியது. 1999-இல் நடந்த சோதனைகளில் பிடிபட்டவற்றில், அன்னை தெரசாவின் கையெழுத்து போட்ட பேஸ்பால்கள்கூட இருந்தன. அதன் பிறகு, 2001-இல் லீக் நிர்வாகமே முத்திரை ஒட்டி உறுதிப்படுத்தும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. காவல்துறையில் பணியாற்றியவர்களையே பெரும்பாலும் அதற்குச் சாட்சியாக அமர்த்துகிறார்கள். நீங்கள் நேரில் நின்று வாங்கும் பந்துக்கு எந்த முத்திரையும் இருக்காது. விற்கப் போகாதவருக்கு அது எதற்கு? பெயரைச் சேர்த்து எழுதித் தரச் சொல்லுங்கள். "மீனாவுக்கு" என்று எழுதிய பந்துக்குச் சந்தையில் விலை குறையும். நீங்கள் வியாபாரி இல்லை என்பது பெரியவருக்கும் அதிலேயே விளங்கிவிடும்.

போகும் முன் அவரைப் பற்றிக் கொஞ்சம் படித்துக்கொண்டு போங்கள். எந்த ஆண்டுகளில் ஆடினார், எந்த இடத்தில் நின்று ஆடினார் என்பது தெரிந்தாலே போதும். பெயரைச் சொல்லி மிஸ்டர் சேர்த்துக் கூப்பிடுங்கள். ஒரே ஒரு பந்தை நீட்டுங்கள். பைநிறையக் கொண்டுபோய் நீட்டாதீர்கள். அவர் எழுதும்போது ஒரு கேள்வி கேளுங்கள். நான் வழக்கமாகக் கேட்பது, பெரிய லீகுக்கு வரச்சொல்லி அழைப்பு வந்தபோது முதலில் யாருக்குத் தொலைபேசினீர்கள் என்று. அநேகமாக எல்லோரும் பேனாவைக் கீழே வைத்துவிட்டுத்தான் பதில் சொல்கிறார்கள்.

தள்ளிப்போடவும் வேண்டாம். 2024 ஜூன் மாதம், அலபாமா மாநிலத்தின் பர்மிங்ஹாமில் 1910-இல் கட்டிய ரிக்வுட் ஃபீல்டு மைதானத்தில், கறுப்பின மக்களுக்கென்று தனியாக நடந்த நீக்ரோ லீகுகளை நினைவுகூர ஒரு பெரிய லீக் ஆட்டம் நடந்தது. அந்த ஊர் அணிக்காக இளவயதில் ஆடி, பின்னாளில் பேஸ்பாலின் மாபெரும் ஆட்டக்காரர்களில் ஒருவரான வில்லி மேஸ் ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால் இறந்துபோனார். அவரோடு 1948-இல் ஒன்றாக ஆடிய பில் கிரீசன், 99 வயதில் மைதானத்துக்கு வந்து தொடக்கப் பந்தை வீசினார். அந்தத் தலைமுறையில் எஞ்சியிருப்பவர்கள் மிகச் சிலரே.

மைதானத்துக்குப் போக முடியாத நேயர்கள் கடிதம் எழுதலாம். அட்டை ஒன்று, இரண்டு வரிக் கடிதம், உங்கள் முகவரி எழுதித் தபால்தலை ஒட்டிய உறை ஒன்று. இவற்றை ஒரே உறையில் வைத்து அணியின் அலுவலகம் வழியாக அனுப்பினால் பலர் பதில் போடுகிறார்கள். வாரங்கள் ஆகலாம், மாதங்களும் ஆகலாம். நேரில் போக விரும்புகிறவர்களுக்கு பிப்ரவரி, மார்ச் மாதங்கள் நல்லவை. அணிகள் பாதி ஃப்ளோரிடாவிலும் பாதி அரிசோனாவிலும் பயிற்சி முகாம் போட்டிருக்கும். ட்வின்ஸ் முகாம் ஃப்ளோரிடாவின் ஃபோர்ட் மையர்ஸ் ஊரில். பழைய ஆட்டக்காரர்கள் இளையவர்களுக்குப் பயிற்சி கொடுக்க அங்கே வருவார்கள். பயிற்சி மைதானங்களுக்கு நடுவே உள்ள பாதையில் சர்வ சாதாரணமாக நடந்து போவார்கள். காலையிலேயே போய்விடுங்கள். பேனா இரண்டாக எடுத்துக்கொள்ளுங்கள்.

வாய்ப்பளித்த வானொலி நிலையத்தாருக்கும், பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும் நன்றி. வணக்கம்.