மீற்றர் சொல்லாததைப் பனை சொல்லும்: கலை அணியின் வாதம்

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். சூழல் நெருக்கடியை மக்களுக்கு உணர்த்த வல்லது கலையா, தொழில்நுட்பமா என்பது தலைப்பு. கலையே என்பது எங்கள் அணி. "உப்பை அளக்க மீற்றர் இருக்கு, கிணத்துக்குள்ள விட்டா இலக்கம் வரும், பிறகென்ன கலை?" என்று எதிரணித் தம்பி கேட்டுவிட்டு அமர்ந்தார்.

தம்பி, மீற்றர் உப்பைச் சொல்வது உப்பு வந்த பிறகு. யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் நாம் இறைப்பது, சுண்ணாம்புக்கல்லுக்குள் உவர்நீருக்கு மேல் மிதக்கும் நன்னீர். கடல் மட்டத்துக்கு மேல் அது ஓரடி நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி இறங்கி நிற்கும். மேலே ஒரு சென்ரிமீற்றர் குறைந்தால், காலப்போக்கில் கீழிருந்து உவர் 40 சென்ரிமீற்றர் ஏறும். வெங்காயத்துக்கு இறைப்பவர் கிணற்றுக்கட்டில் நின்று காண்பது அந்த ஒரு சென்ரிமீற்றரைத்தான்.

2018இல் ஸ்கொட்லாந்தின் மேற்குத் தீவுகளில், லொக்மடியில், பெக்கா நிட்டிவிர்த்தா, திமோ அஹோ என்ற பின்லாந்துக் கலைஞர்கள் கட்டடச் சுவர்களில் ஒளிக்கோடு இழுத்தார்கள். கடல் பெருகும்போது உணரி (சென்சர்) அதை எரியவைக்கும். நாளை தண்ணீர் எங்கே நிற்கும் என்பது கண்ணுக்கு நேரே தெரியும். உணரி புதிதல்ல. எந்தச் சுவரில், எந்த உயரத்தில் என்ற முடிவில்தான் கலை இருக்கிறது.

இங்கே கிணற்றடிப் பனை இருக்கிறது. அதில் 5 மீற்றர் நீள எல்ஈடி பட்டி கட்டுவோம், மீற்றருக்கு 60 விளக்கு. கிணற்று நீர்மட்டம் ஒரு சென்ரிமீற்றர் இறங்கினால் மேலிருந்து 24 விளக்கு அணையும், அதாவது கீழே உவர் ஏறும் அதே 40 சென்ரிமீற்றர் இருளும். பன்னிரண்டரை சென்ரிமீற்றரில் பட்டி முழுதும் இருண்டுவிடும். உடனே மரத்தில் ஒரு சுண்ணாம்பு வளையம் பூசி, பட்டியை மறுபடி முழுதாக எரியவிட வேண்டும். எட்டு வளையம் என்றால் கிணற்றில் ஒரு மீற்றர் இறங்கிவிட்டது.

பிழைக்கும் இடங்களும் உண்டு. ஒலியை அனுப்பி எதிரொலியால் தூரம் அளக்கும் மீயொலி உணரி வேண்டாம். கிணற்றுச் சுவரில் பட்ட எதிரொலியைத் தண்ணீர் என்று நம்பும், ஈரம் படிந்தால் உளறும். நீருக்குள் இறக்கும் அழுத்த உணரியே சரி. வெளிக்காற்றின் அழுத்தத்தைக் கழிக்க, அதன் கேபிளுக்குள் ஒரு காற்றுக்குழாய் ஓடும். அது அடைபட்டால் வளியமுக்கம் ஒரு ஹெக்டோபஸ்கால் மாறினாலே ஒரு சென்ரிமீற்றர் பிழை. நம் பக்கத்தில் வளியமுக்கம் ஒரே நாளில் இரண்டு மூன்று ஹெக்டோபஸ்கால் ஏறி இறங்கும். கிணறு சும்மா கிடக்க, பனையில் வெளிச்சம் ஒரு மீற்றர் ஓடித்திரியும். குழாய் வாயில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் வைத்து, நிறம் மாறியதும் மாற்றுங்கள். இன்னொன்று: ஒன்றுக்கு 40 என்பது சமநிலைக் கணக்கு, நீர் அசையாமல் நிலைத்த பிறகே பொருந்தும். மோட்டர் ஓடும்போது விழும் மட்டத்தைப் பெருக்கினால் மரம் பொய் சொல்லும். விடியப்புறம் 4 மணிக்கு, இறைப்புத் தொடங்குமுன் எடுத்த அளவையே அன்றிரவு காட்டவேண்டும்.

நிறம்? சிவப்பு வேண்டாம், "என்ர கிணத்தைக் குற்றவாளியாக்கிறியள்" என்று உரிமையாளர் வயரைப் பிடுங்குவார். நீலத்துக்குப் பூச்சி மொய்க்கும். செம்மஞ்சள் போதும். இதையெல்லாம் எந்த மீற்றர் தீர்மானிக்கும்?

2015இல் கிறீன்லாந்துப் பனிக்கட்டி பன்னிரண்டைப் பாரிசுக்கு ஏற்றிவந்து உருகவிட்டாரே ஓலாஃபர் எலியாசன் என்ற கலைஞர், அது சூழலுக்கு நல்லதா என்று எதிரணித் தலைவர் கேட்டார். நியாயமான கேள்வி, அதற்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. நம் பனைக்கு ஒளியைக் காற்பங்காகக் குறைத்தால் 2 அம்பியர், 5 வோல்ற். இரவு 7 முதல் 10 வரை 30 வாற்-மணி. பன்னிரண்டு வோல்ற், 7 அம்பியர்-மணி பற்றறியைப் பாதிக்கு மேல் இறக்காமலே சமாளிக்கலாம். 20 வாற் சோலர் தகடு மறுநாள் நிரப்பிவிடும். முழு வெள்ளை வெளிச்சம்தான் வேண்டுமென்று எதிரணி அடம்பிடித்தால் 18 அம்பியர் இழுக்கும், ஒரு முனையால் மட்டும் மின் கொடுத்தால் மறுமுனை மஞ்சளித்துப்போகும். அதற்கு எங்கள் அணி பொறுப்பில்லை, நடுவர் அவர்களே.