மூக்கில் ஏறுவது பலமல்ல

(கிளிநொச்சியில் விளையாட்டுக் கழகப் பயிற்றுநர்களுக்கும் பெற்றோருக்கும் ஆற்றிய உரை)

அன்பான பயிற்றுநர்களே, அம்மாமாரே, தம்பி தங்கையரே,

விடியப்புறத்தில் மாட்டுப் பட்டி கூட்டினவர்களுக்கு அமோனியாவை நான் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. மூத்திரம் ஊறிய தரையிலிருந்து கிளம்பி, மூக்கைச் சுள்ளென்று குத்திக் கண்ணைக் கலங்கவைக்குமே, அதே நெடிதான். அதைச் சின்னப் போத்தலில் அடைத்து ‘ஸ்மெல்லிங் சோல்ட்’ என்று விற்கிறார்கள். பாரம் தூக்குகிறவர்கள் அதை முகர்ந்துவிட்டுக் கத்தும் வீடியோக்களைப் பார்த்து, எங்கள் பிள்ளைகள் கயிறிழுத்தலுக்கும் அது வேண்டும் என்கிறார்கள்.

சாமான் பழசு. விக்டோரியா மகாராணி காலத்து இங்கிலாந்தில் மயங்கி விழுந்தவர்களின் மூக்கில் அமோனியம் காபனேற்றைப் பிடித்தார்கள், நாங்கள் வெங்காயம் நசுக்கிப் பிடிக்கிறமாதிரி. அதிலிருந்து கிளம்பும் அமோனியா வாயு மூக்கின் உள்தோலை எரிக்கிறது. எரிவு தாங்காமல் உடம்பு சடாரென்று மூச்சை இழுக்கிறது, நெஞ்சு படபடக்கிறது. ஆபத்து வந்துவிட்டதென்று உடம்பு பதறுகிறது, அந்தப் பதற்றத்தைத்தான் நீங்கள் ‘உசார்’ என்கிறீர்கள். ஆய்வுகளில் அளந்து பார்த்தபோது இதயத்துடிப்பு ஏறியது, உசாரான உணர்வும் ஏறியது. தூக்கக்கூடிய உச்சப் பாரம் பெரும்பாலும் ஏறவில்லை.

உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகவரகத்தின் தடைப்பட்டியலில் இது இல்லை என்பது உண்மை. ஆனால் 2025 இல் அமெரிக்கன் ஃபுட்போல் லீக்கான என்.எஃப்.எல், வீரர்களுக்குக் கழகங்கள் இதைக் கொடுக்கக்கூடாதென்று நிறுத்தியது. தலையில் அடிபட்டதன் அறிகுறிகளை இது மறைத்துவிடலாம் என்பதும் ஒரு காரணம். என்னை இந்த மேடைக்குக் கொண்டுவந்ததும் அதே காரணம்தான். நெடி பட்டதும் தலை வெடுக்கென்று பின்னால் போகும்; கழுத்தில் காயம் இருந்தால் அதை மோசமாக்க அந்த ஒரு உதறலே போதும். அதோடு, வன்னியில் யுத்த காலத்து ஷெல் துண்டை இன்னும் உடம்பில் சுமப்பவர்கள் இருக்கிறார்கள். எங்கள் மைதானங்கள் பலவற்றில் வைத்தியர் நிற்பதில்லை, ஆஸ்பத்திரியும் கிட்டடியில் இல்லை. பிள்ளையின் கண்ணைப் பார்க்க நீங்கள் மட்டும்தான் நிற்பீர்கள்.

ஒரு உதைபந்தாட்டத்தில் இரண்டு பேர் பந்துக்குப் பாய்ந்து மண்டையோடு மண்டை மோதினார்கள். ஒருவன் எழும்பவில்லை. நான் போய்ச் சேருமுன் யாரோ போத்தலை மூக்கில் பிடித்துவிட்டார்கள். துள்ளி எழும்பினான். சனம் கைதட்டியது. “சேர், எனக்கு ஒண்டுமில்லை, விடுங்கோ” என்று கோட்டைத் தாண்டப் போனவனின் கையைப் பிடித்து, “தம்பி, இப்ப எத்தனைக்கு எத்தனை?” என்று கேட்டேன். என்னையே பார்த்தான். பிறகு, “மட்ச் தொடங்கிட்டுதா சேர்?” என்றான்.

அவனை வெளியே இருத்தி, அசையாமல் பிடித்துக்கொண்டு, வாகனத்துக்கு ஆள் அனுப்பினேன். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் இரண்டு தரம் சத்தி எடுத்தான்.