காலி லிஸ்ட் கேட்டால் பழைய லிஸ்ட்டைத் தரும் பைதான்!

[திரையில்:
டெஃப் சேர்(எண், பட்டியல்=[]):
    பட்டியல்.அப்பெண்ட்(எண்)
    ரிட்டர்ன் பட்டியல்]

இந்த ஃபங்ஷன் எண்ணை லிஸ்ட்டின் கடைசியில் சேர்த்துத் தரும்; நாம் லிஸ்ட் கொடுக்காவிட்டால் டிஃபால்ட்டாக அந்த வெறும் []-ஐ எடுத்துக்கொள்ளும். சேர்(1) என்று அழைத்தால் விடை [1]. சரி. அடுத்து சேர்(2). இப்போது [2] தானே வரவேண்டும்? வருவது [1, 2]! அந்த ஒன்று எங்கிருந்து வந்தது?

தமிழில் பெயர் வைத்திருக்கிறேனே என்று பார்க்காதீர்கள். பைதான் 3-இல் ஃபங்ஷனுக்கும் வேரியபிளுக்கும் தமிழ்ப் பெயர் வைக்கலாம், ஓடும். டெஃப், ரிட்டர்ன், அப்பெண்ட் போன்றவற்றை மட்டும் ஆங்கில எழுத்தில் டைப் செய்யுங்கள்.

முன்கதை ஒரே வரி: ஃபங்ஷனுக்கு லிஸ்ட்டைக் கொடுத்தால் நகல் போகாது, அதே லிஸ்ட்தான் போகும்.

இனிதான் விஷயம். அந்த வெறும் [] எப்போது உருவாகிறது? ஒவ்வொரு அழைப்புக்கும் புதிதாக என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். இல்லை! ஃபங்ஷனை உருவாக்கும் டெஃப் வரி ஓடும்போது ஒரே ஒரு தடவை. வாசலில் வைத்த வருகைப் பதிவேடு மாதிரி, வருகிறவர்கள் எல்லோரும் அதே நோட்டில்தான் எழுதுகிறார்கள்.

நம்பிக்கை இல்லையா? ஃபங்ஷன் தன் டிஃபால்ட் மதிப்புகளை வைத்திருக்கும் இடமான சேர்.__டிஃபால்ட்ஸ்__ என்பதை பிரிண்ட் செய்யுங்கள்.

[திரையில்: ([1, 2],)]

ஆள் அகப்பட்டார்! ஃபங்ஷன் அந்த லிஸ்ட்டைத் தன்னோடு சுமந்துகொண்டே திரிகிறது.

இன்னொரு வேடிக்கை. சேர்(3, [10]) என்று நாமே லிஸ்ட் கொடுத்தால் ஒழுங்காக [10, 3] வரும். உடனே சேர்(4) என்று அழைத்தால் [1, 2, 4]. டெஸ்ட் எழுதும்போது எப்போதும் லிஸ்ட் கொடுத்தே பார்த்தீர்கள் என்றால் இந்தப் பிழை கண்ணில் படவே படாது. என்னைக் கேட்டால், பைதானில் இதைவிட நைசாக ஒளியும் பிழை குறைவு.

மருந்து? டிஃபால்ட்டாக நன் (None, அதாவது 'எதுவும் இல்லை' என்ற மதிப்பு) வையுங்கள்.

[திரையில்:
டெஃப் சேர்(எண், பட்டியல்=நன்):
    இஃப் பட்டியல் இஸ் நன்:
        பட்டியல் = []]

மற்ற இரண்டு வரிகளும் அப்படியே. சுருக்கமாக இருக்கட்டும் என்று 'இஃப் நாட் பட்டியல்' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். காலி லிஸ்ட்டையும் அது 'இல்லை' என்றே எடுத்துக்கொள்ளும். ஒருவர் தன்னுடைய காலி லிஸ்ட்டை நிரப்பித் தரச் சொல்லி அனுப்பினால், அதைத் தூக்கி ஓரமாகப் போட்டுவிட்டு வேறு லிஸ்ட்டை நிரப்பிக்கொண்டிருப்பீர்கள். அவர் லிஸ்ட் காலியாகவே கிடக்கும்!

பிழை உள்ள பழைய கோடை முதலிலிருந்து ஓட்டி, அ = சேர்(1), ஆ = சேர்(2) என்று எழுதினால், கடைசியில் 'அ' என்னவாக இருக்கும்? ஓட்டிப் பார்க்காமல் கமெண்டில் சொல்லுங்கள். [1] என்று போடுகிறவர்கள் வீடியோவை இன்னொரு தடவை பார்க்கவும், எனக்கும் வியூஸ் ஏறும்!