ஆட்டோகோனரும் ஆள் கணக்கும்

பெரியோர்களே, மில் தோழர்களே, வணக்கம்.

புது மெஷின் வந்தால் வேலை போகுமா, பெருகுமா என்று பட்டிமன்றம் வைத்தால் இரண்டு அணியும் ஜெயிக்கும். நாம் கணக்கைப் பார்ப்போம்.

100 கிலோ நூலுக்கு ஆகும் ஆள்நேரம் 20 சதவீதம் குறைகிறது என்று வையுங்கள். இருக்கிற ஆட்கள் அத்தனை பேருக்கும் வேலை இருக்க, உற்பத்தி 20 சதவீதம் கூடினால் போதுமா? போதாது. ஒன்றை 0.8ஆல் வகுத்துப் பாருங்கள், 1.25 வரும். விற்பனை கால்வாசி ஏற வேண்டும்.

விலையைக் குறைத்து ஏற்றலாமா? நூல் அடக்கத்தில் பாதிக்கு மேல் பஞ்சுக்கே போகிறது. கூலி பத்தில் ஒரு பங்கு என்றால், அதில் 20 சதவீதம் மிச்சம் என்பது மொத்தத்தில் 2 சதவீதம்தான். கிலோ 250 ரூபாய் அடக்கத்தில் 5 ரூபாய்! அதற்காக எந்த நூல் வியாபாரி கால்வாசி கூடுதலாக எடுப்பார்? மெஷின் கடனுக்கு வட்டி கட்டினால் அந்த 5 ரூபாயும் மிஞ்சாது.

உடனே கார் கம்பெனி ஃபோர்டைச் சொல்வார்கள். 1913இல் ஹைலேண்ட் பார்க் ஆலையில் நகரும் அசெம்பிளி லைன் வந்து, ஒரு சேஸிஸை, அதாவது காரின் அடிச்சட்டத்தை, பூட்ட ஆன 12 மணி நேரத்துக்கும் மேலான வேலை ஒன்றரை மணிக்கு இறங்கியது. ஆட்களோ பெருகினார்கள். காரணம் இருக்கிறது: 1908இல் 850 டாலர் விற்ற மாடல் டி, 1925இல் 300க்கும் கீழே வந்தது, அதுவரை காரே வாங்காதவர்கள் வாங்கினார்கள். நம் நூலுக்கு அப்படிக் காத்திருக்கும் புது ஜனம் எங்கே?

ஆனால், மெஷின் சரக்கையே மாற்றினால் கணக்கு வேறு. நூலைக் கோனில் சுற்றும் வைண்டிங் பிரிவில், தானாகவே சுற்றும் ஆட்டோகோனர் மெஷின் வந்ததும் ஆட்கள் குறைந்தார்கள், உண்மை. கூடவே அறுந்த நூலை இணைக்கப் போடும் முடிச்சும் போனது. அதிலுள்ள ஸ்பிளைசர் என்ற கருவி இரண்டு நூல்முனைகளையும் முறுக்கவிழ்த்து, ஒன்றன்மேல் ஒன்று வைத்து, காற்றடித்துப் பின்னிவிடுகிறது. பனியன் துணி ஓட்டுகிறவருக்கு அதன் அருமை தெரியும். முடிச்சு ஊசியில் மாட்டினால் துணியில் ஓட்டை. முடிச்சில்லா நூலுக்கு நல்ல விலையும் நிலையான ஆர்டரும் கிடைக்கும். அந்தத் துணி திருப்பூரில் ஓவர்லாக், ஃபிளாட்லாக் தையல் மெஷின்களுக்குப் போகிறது. ஆக, வேலை போன இடம் ஒன்று, வந்த இடம் வேறு. வைண்டிங்கில் நின்ற பெண்ணுக்கே தையல் வேலை கிடைக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

இதிலும் கோட்டை விடுகிறவர்கள் உண்டு. கம்பிரசர் காற்றில் தண்ணீரோ எண்ணெயோ கலந்தால் ஸ்பிளைஸ் பிடிக்காது. கவுண்ட், அதாவது நூலின் பருமன், மாற்றும்போது ஸ்பிளைசர் செட்டிங்கை மாற்றாமல் விட்டாலும் அப்படித்தான். இணைப்பு துணி பின்னும் நிட்டிங்கில் அறும், கோன் திரும்பி வரும். ஆளைக் குறைத்தாயிற்று, நல்ல விலையும் இல்லை என்ற நிலை.

பிரான்ஸ், ஜெர்மனி, ஸ்பெயின், பிரிட்டன் நிறுவனங்களின் 1998–2000 தரவுகளை ஆராய்ந்தவர்களும் இதையே கண்டார்கள்: நிறுவனங்களில் வேலை வளர்ந்ததில் புதுச் சரக்குக்குப் பெரிய பங்கு. அதிலும் ஒரு சிக்கல். பக்கத்து மில் ஆர்டரை நீங்கள் பிடித்தால் உங்கள் மஸ்டர் ரோல், அதாவது ஆள் பட்டியல், நீளும், அவருடையது சுருங்கும். ஆகவே மெஷின் வாங்குமுன் ஓராண்டும் வாங்கியபின் இரண்டாண்டும் மூன்றை எழுதி வையுங்கள்: 100 கிலோவுக்கு ஆள்நேரம், விற்பனையில் புதுச் சரக்கின் பங்கு, ஒவ்வொரு புது ஆர்டரும் முன்பு யாரிடம் இருந்தது என்பது. மூன்றாவதை மார்க்கெட்டிங் ஆட்களிடம் கேட்டால் சொல்லிவிடுவார்கள்; நாம்தான் கேட்பதில்லை.