வெறும் வயிறு என்றால் வெறும் வயிறு

நேயர்களுக்கு வணக்கம். பாளையங்கோட்டையில் 32 ஆண்டுகள் இரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அத்தனை ஆண்டுகளும் காலையில் நான் கேட்ட முதல் கேள்வி ஒன்றுதான்: "வெறும் வயிற்றோடுதானே வந்திருக்கிறீர்கள்?"

அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து முதல் பஸ்ஸில் ஓர் ஆச்சி வந்தார். "ஒன்றும் சாப்பிடவில்லை ஐயா" என்றார். சர்க்கரை 141 காட்டியது. வெறும் வயிற்றில் 100-க்குள் இருக்க வேண்டும். 126-ஐத் தொட்டாலே நீரிழிவு என்று சந்தேகப்பட வேண்டும். எனக்கு மனம் ஒப்பவில்லை. அவர் மடியில் ஒரு சின்னத் தூக்குவாளி. மூடியின் விளிம்பில் ஈரம் காயாத காப்பிக் கறை. "இது என்ன ஆச்சி?" என்றேன். "பஸ்ஸில் தலை சுற்றுமே என்று ஒரு தம்ளர் குடித்தேன். சீனி போடவில்லையே, கருப்பட்டிதானே!"

ஆச்சி பொய் சொல்லவில்லை. குடிப்பதைச் சாப்பாட்டுக் கணக்கில் சேர்க்கும் வழக்கம் நம் ஊரில் கிடையாது. உடன்குடிக் கருப்பட்டியை நான் ஒரு நாளும் குறை சொல்லமாட்டேன். ஆனாலும் அதில் பெரும்பங்கு சுக்ரோஸ்தான், சீனியில் இருக்கும் அதே பொருள். போதாததற்குக் காப்பியில் பால் வேறு. இரண்டு நாள் கழித்து, இரவுச் சாப்பாட்டுக்குப் பின் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு வந்தார். 104. கவனிக்க வேண்டிய அளவுதான், நீரிழிவு இல்லை. அன்றைக்குத் தூக்குவாளி என் கண்ணில் படாமல் போயிருந்தால்? இன்றைக்கும் அதை நினைத்தால் பதறுகிறது.

திரும்பவும் சொல்கிறேன். எட்டு மணி நேரம் தண்ணீர் மட்டும். காப்பி, தேநீர், பதநீர் எதுவும் கூடாது. சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள், அன்று அதை எப்போது எடுப்பது என்று மருத்துவரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொருவர் மறுவீட்டில் சொதிச் சாப்பாடு முடித்த கையோடு கொழுப்புப் பரிசோதனைக்கு வந்தார். இரத்தத்தைச் சுழற்றி எடுத்தால் மேலே இளமஞ்சளாகத் தெளிந்து நிற்க வேண்டிய நீர், குழாயில் தேங்காய்ப்பாலாகவே நின்றது. சாப்பிட்ட கொழுப்பு அப்படியே இரத்தத்தில் மிதக்கிறது! டிரைகிளிசரைடு என்ற கொழுப்பு ஏறிவிடும், அதை வைத்துக் கணக்கிடும் கெட்ட கொழுப்பின் அளவும் பிசகும். வெறும் வயிற்றில் வரச் சொன்னால் இதற்கு 9 முதல் 12 மணி நேரம்.

அறிக்கை நன்றாக வர வேண்டும் என்று நான்கு நாள் சோற்றையே தொடாமல் வருபவர்களும் உண்டு. குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்துப் பார்க்கும் சோதனையில் அது எதிராகவே முடியும்; சர்க்கரை கூடுதலாகக் காட்டும். வழக்கம்போல் சாப்பிடுங்கள்.

நேரம் ஆகிவிட்டதென்று கண்ணாடிக்கு அப்பால் கை காட்டுகிறார்கள். மலத்தில் மறைந்திருக்கும் இரத்தத்தைக் கண்டறியும் சோதனை பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன். பழைய முறை என்றால் மூன்று நாள் ஆட்டுக்கறியும் பச்சை முள்ளங்கியும் வேண்டாம். இல்லாத இரத்தத்தை இருப்பதாகக் காட்டிவிடும். வைட்டமின் சி மாத்திரை, இருக்கும் இரத்தத்தையே மறைத்துவிடும். புதிய முறைக்கு இந்தப் பத்தியம் தேவையில்லை. எந்த முறை என்று பரிசோதனைக்கூடத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். வணக்கம்.